வட்டி குறைந்தால் வீடு மலிவாகுமா?

ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தைக் குறைத்தது என்று செய்தி வந்த அன்றே, "வீடு வாங்க இதுதான் சரியான நேரம்" என்று விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். விகிதம் ஏறினால், "பொறுத்திருங்கள், வீட்டு விலை விழப்போகிறது" என்று சொல்ல ஆட்கள் இருப்பார்கள். இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை. வட்டி, வீட்டின் விலை, நம் வருமானத்துக்கு அந்த வீடு எட்டுமா என்ற கேள்வி ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் பல குடும்பங்கள் தவறான நேரத்தில் அவசரப்படுகின்றன, அல்லது தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன.

இங்கே பேசுவது இந்தியாவின் நிலவரம். அமெரிக்காவில் வீட்டுக்கடன் வேறு விதமாக இயங்குகிறது. அங்கிருந்து வரும் விளக்கங்களை அப்படியே இங்கே பொருத்திப் பார்ப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். அந்த வேறுபாடு என்ன என்பதைப் பிறகு பார்க்கலாம்.

## ரெப்போ விகிதம்

வங்கிகளுக்குக் குறுகிய காலப் பணத்தேவை வரும்போது, அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்கலாம். அந்தக் கடனுக்கான வட்டியே ரெப்போ விகிதம். ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு இதைத் தீர்மானிக்கிறது. அதில் ஆறு பேர் இருக்கிறார்கள். வழக்கமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள்.

அந்தக் குழு முதலில் பார்ப்பது விலைவாசியை. பணவீக்கத்தை 4 சதவீதத்தை ஒட்டி, இரண்டு பக்கமும் 2 சதவீதத்துக்கு மேல் விலகாமல் வைத்திருப்பதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட இலக்கு. வீட்டு விலையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு அதற்கு இல்லை. தக்காளி, எண்ணெய், பெட்ரோல் விலைகளைப் பார்த்து எடுத்த முடிவு உங்கள் வீட்டுக்கடனைத் தொடுகிறது, அவ்வளவுதான்.

அண்மைய ஏற்ற இறக்கம் இது: 2020 மே முதல் 2022 மே வரை ரெப்போ 4 சதவீதம். அதன்பின் படிப்படியாக ஏறி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தைத் தொட்டது. இரண்டு ஆண்டுகள் அங்கேயே நின்றது. 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கி, அந்த ஆண்டு டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. செய்திகளில் "25 பேசிஸ் பாயிண்ட்" என்று வந்தால் கால் சதவீதம் என்று புரிந்துகொள்ளுங்கள். 100 பேசிஸ் பாயிண்ட் ஒரு சதவீதம்.

## அது உங்கள் கடனுக்கு வந்து சேரும் வழி

இந்தியாவில் பெரும்பாலான வீட்டுக்கடன்கள் ஃப்ளோட்டிங் வட்டிக் கடன்கள், அதாவது கடன் காலம் முழுவதும் வட்டி மாறிக்கொண்டே இருப்பவை. 2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடன்களை வெளியே உள்ள ஓர் அளவுகோலோடு இணைத்தாக வேண்டும். பெரும்பாலான வங்கிகள் தேர்ந்தெடுத்தது ரெப்போவை. கணக்கு எளிது:

உங்கள் வட்டி = ரெப்போ + ஸ்ப்ரெட்

ஸ்ப்ரெட் என்பது ரெப்போவுக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல். அதில் வங்கியின் செலவும் லாபமும் உண்டு. உங்கள் சிபில் மதிப்பெண்ணை, அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் எண்ணை, பார்த்துக் கணக்கிடும் அபாயத் தொகையும் உண்டு. ரெப்போ மாறினால், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உங்கள் வட்டியும் திருத்தப்பட வேண்டும். ஸ்ப்ரெட் அப்படி அடிக்கடி மாறாது. கடன் வாங்கும்போது எல்லோரும் வட்டி எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். ஸ்ப்ரெட் எத்தனை என்பதையும் கேளுங்கள். ரெப்போ எங்கே போனாலும் கூடவே வருவது அதுதான்.

"ரெப்போ குறைந்தும் என் வட்டி குறையவில்லையே" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காரணம். 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன், எம்.சி.எல்.ஆர். என்ற பழைய முறையிலேயே இருக்கலாம். அது வங்கியின் சொந்த நிதிச் செலவை வைத்துக் கணக்கிடுவது, மெதுவாகத்தான் நகரும். அல்லது கடன் கொடுத்தது வங்கியாக இல்லாமல் வீட்டுவசதி நிதி நிறுவனமாக இருக்கலாம். 2019 விதி வங்கிகளுக்கானது. இந்த நிறுவனங்கள் தங்கள் சொந்த அளவுகோலை வைத்திருக்கின்றன.

## மாதத் தவணைக்குள் நடப்பது

50 லட்சம் கடன், 20 ஆண்டு, ஸ்ப்ரெட் 2.5 என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை முழுவதும் இதே கடன்தான்.

ரெப்போ 4 ஆக இருந்தபோது வட்டி 6.5 சதவீதம், மாதத் தவணை 37,279 ரூபாய். ரெப்போ 6.5 ஆனபோது வட்டி 9 சதவீதம். தவணை 44,986 ரூபாய். 5.25 ஆனபோது வட்டி 7.75 சதவீதம்; தவணை 41,047 ரூபாய்.

9 சதவீதத்தில் முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பாருங்கள். 44,986 ரூபாயில் 37,500 வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 7,486 மட்டும். ஐந்து ஆண்டு தவறாமல் கட்டினால் ஏறத்தாழ 27 லட்சம் கட்டியிருப்பீர்கள்; அசலோ 50 லட்சத்திலிருந்து சுமார் 44.35 லட்சத்துக்குத்தான் இறங்கியிருக்கும். வங்கி ஏமாற்றுகிறது என்று பலர் நினைக்கும் இடம் இது. ஏமாற்று எதுவும் இல்லை. வட்டி எப்போதும் மீதமுள்ள அசலுக்கே கணக்கிடப்படுகிறது. தொடக்கத்தில் அசல் பெரிது, அதனால் வட்டியும் பெரிது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வட்டி ஏறும்போது வங்கிகள் வழக்கமாகத் தவணையை ஏற்றுவதில்லை, கடன் காலத்தை நீட்டுகின்றன. மாதம் கட்டும் தொகை மாறாததால் குடும்பத்தில் யாரும் கவனிப்பதில்லை. மேலே உள்ள கடனை 6.5 சதவீதத்தில் எடுத்தவருக்கு, தவணை 37,279 ஆகவே இருந்து வட்டி தொடக்கத்திலேயே 8.5 ஆனால், 20 ஆண்டுக் கடன் முடிய 35 ஆண்டுக்கு மேல் ஆகும். 9 சதவீதம் ஆனால் முதல் மாத வட்டியே 37,500. அது தவணையைவிட அதிகம்! எத்தனை ஆண்டு கட்டினாலும் அந்தக் கடன் தீராது. அசல் ஏறிக்கொண்டே போகும்.

2022–23 வட்டி ஏற்றத்தில் இந்த நிலைக்கு அருகில் பலர் போனதால்தான், 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி புதிய வழிமுறை கொடுத்தது. வட்டி திருத்தப்படும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்ற தேர்வைக் கடனாளியிடம் கொடுக்க வேண்டும். நீட்டிப்பால் அசல் பெருகும் நிலை வரக்கூடாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: ரெப்போவை விலைவாசியைப் பார்த்து மாற்றுகிறார்கள். அதன்மேல் ஸ்ப்ரெட் சேர்ந்து உங்கள் வட்டி ஆகிறது. வட்டி மாறினால் தவணையோ காலமோ மாறும். இது முழுக்கக் கடனின் கதை. வீட்டின் விலை இன்னும் உள்ளே வரவில்லை.

## வட்டி குறைந்தால் விலை ஏறுவது ஏன்

காசிமேட்டில் மீன் ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தடைக்காலம், வந்திருப்பது ஒரே ஒரு கூடை வஞ்சிரம். சுற்றி நிற்கும் பத்து பேர் கையிலும் திடீரென்று ஆளுக்கு 500 ரூபாய் கூடுதலாக வந்தால் என்ன ஆகும்? வஞ்சிரம் இரண்டு கூடை ஆகிவிடாது. ஏலத்தொகை ஏறும். கூடுதல் பணம் மீன் விற்பவர் கைக்குப் போகும்.

வட்டிக் குறைப்பு செய்வதும் இதைத்தான். தவணை 44,986 கட்டக்கூடிய குடும்பத்துக்கு 9 சதவீதத்தில் 50 லட்சம் கடன் கிடைத்தது. 7.75 சதவீதத்தில் அதே தவணைக்கு ஏறத்தாழ 54.8 லட்சம் கிடைக்கும். இந்தக் கூடுதல் கடன் திறன் ஒரு குடும்பத்துக்கு மட்டும் வரவில்லை, அதே வட்டாரத்தில் வீடு தேடும் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்துவிட்டது. வீடுகளின் எண்ணிக்கை அப்படி உடனே கூடாது. மனை வாங்கி, அனுமதி வாங்கி, அடுக்குமாடி கட்டி, நிறைவுச் சான்றிதழ் பெற்றுச் சாவி கொடுக்க மூன்று நான்கு ஆண்டு ஆகிவிடும். நிலம் எங்கே கிடைக்கிறது, சாலையும் குடிநீரும் எதுவரை போயிருக்கிறது, ஒரு மனையில் எத்தனை சதுர அடி கட்ட அனுமதி என்பவைதான் வீடுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் ஒன்றைக்கூட ரெப்போ மாற்றாது.

62.5 லட்சம் ரூபாய் வீடு ஒன்று. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 80 சதவீதம் கிடைக்கும். ஆக 50 லட்சம் கடன், 12.5 லட்சம் கைப்பணம். 9 சதவீத வட்டியில் தவணை 44,986.

வட்டி 7.75 ஆகிறது. அதே காலத்தில் வீட்டு விலை 10 சதவீதம் ஏறி 68.75 லட்சம் ஆகிறது. கடன் 55 லட்சம், தவணை 45,152. கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நான்கு கட்டமாகக் குறைத்த ஒன்றேகால் சதவீதத்தின் பலன் முழுவதையும் வெறும் 10 சதவீத விலை ஏற்றம் விழுங்கிவிட்டது.

அதோடு முடியவில்லை. கைப்பணம் 12.5 லட்சத்திலிருந்து 13.75 லட்சமாகிறது. தமிழ்நாட்டில் பழைய வீடு வாங்கினால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அது 5.6 லட்சத்திலிருந்து 6.2 லட்சமாகிறது. வட்டி குறைந்த பிறகு, அதே வீட்டுக்குக் கையிலிருந்து போட வேண்டிய பணம் ஏறத்தாழ 1.8 லட்சம் கூடியிருக்கிறது. ஏற்கெனவே வீடோ நிலமோ வைத்திருப்பவர் அதை விற்று இந்தத் தொகையைப் புரட்டிவிடுவார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதல் வீடு வாங்கப் பார்ப்பவருக்கு அது கூடுதலாக இன்னொரு ஆண்டுச் சேமிப்பு. வட்டிக் குறைப்பு அவரைத்தான் பின்னுக்குத் தள்ளுகிறது என்பது போதுமான அளவு பேசப்படுவதில்லை.

விலை கட்டாயம் 10 சதவீதம் ஏறும் என்று நான் சொல்லவில்லை. காலி வீடுகள் நிறைய இருக்கும் புறநகரில் விலை அசையாமலே இருக்கலாம். அங்கே வட்டிக் குறைப்பின் பலன் வாங்குபவருக்கே வரும். பலன் யாருக்குப் போகும் என்பதை அந்த வட்டாரத்தில் விற்பனைக்கு இருக்கும் வீடுகளின் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது.

## வட்டி ஏறினால் விலை விழாதது ஏன்

கணக்குப்படி பார்த்தால் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். இந்தியாவில் பெரும்பாலும் முதலில் குறைவது பத்திரப்பதிவின் எண்ணிக்கை. விலை அப்படியே நிற்கிறது. காரணங்கள் உண்டு.

நிலத்தையும் வீட்டையும் நம் குடும்பங்கள் சேமிப்பாகப் பார்க்கின்றன. கடன் இல்லாத மனையை வைத்திருப்பவருக்கு வட்டி 9 ஆனாலும் 10 ஆனாலும் கவலை இல்லை. கேட்ட விலை வராவிட்டால் விற்கமாட்டார். வாங்குபவர்களிலும் ஒரு பகுதியினர் சொந்தப் பணத்தோடு வருகிறார்கள். கட்டுநர்களோ சதுர அடி விலையைக் குறைப்பதற்குப் பதிலாக, பதிவுச் செலவை ஏற்பதாகவும் மாடுலர் கிச்சன் போட்டுத் தருவதாகவும் சொல்வார்கள். விலையை வெளிப்படையாகக் குறைத்தால் முன்பே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் காரணம் வேறு. அங்கே 30 ஆண்டுக்கும் ஒரே வட்டி என்ற நிலையான கடன்தான் வழக்கம். 3 சதவீதத்துக்குக் கடன் வைத்திருந்தவர்கள், 2023-இல் வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியபோது வீட்டை விற்றுவிட்டு இன்னொன்று வாங்க மறுத்தார்கள். விற்பனைக்கு வரும் வீடுகள் குறைந்தன, விலை இறங்கவில்லை. இந்தியாவில் பழைய கடனின் வட்டியும் கூடவே ஏறிவிடுவதால் அப்படிப்பட்ட பூட்டு இங்கே கிடையாது. "வட்டிக்குப் பயந்து யாரும் விற்கவில்லை" என்று யாராவது இந்தியச் சந்தைக்குக் காரணம் சொன்னால், அது வேறு நாட்டுக் கதை.

விலையைக் காட்டும் குறியீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கி வெளியிடும் வீட்டு விலைக் குறியீடு பதிவுத்துறைத் தரவுகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பல இடங்களில் பத்திரத்தில் எழுதப்படும் தொகை, அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டி, கைமாறும் தொகையைவிடக் குறைவாக இருக்கிறது. ஆகவே குறியீடு திசையைக் காட்டும், உங்கள் தெருவின் விலையைக் காட்டாது. பத்திரத்தில் குறைத்து எழுதுவதால் வாங்குபவருக்கும் நேரடி நட்டம் உண்டு. 62.5 லட்ச வீட்டை 50 லட்சம் என்று எழுதினால், வங்கி அந்த 50 லட்சத்தில் 80 சதவீதமான 40 லட்சத்தைத்தான் கொடுக்கும், மீதி 22.5 லட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதும் இல்லை.

சுருக்கமாக: வீடுகள் குறைவாக உள்ள இடத்தில் வட்டி குறைந்தால் விலை ஏறும். வட்டி ஏறினால் விற்பனை மந்தமாகும், விலை அவ்வளவு எளிதில் இறங்காது. எனவே வட்டியை மட்டும் பார்த்து விலையைக் கணிக்க முடியாது.

## கைக்கு எட்டுகிறதா என்று அளப்பது

மாதத் தவணை ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. குறைந்தது மூன்று அளவுகள் வேண்டும்.

முதலாவது, விலை–வருமான விகிதம்: வீட்டு விலையைக் குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தால் வகுத்தால் வருவது. மாதம் 90,000 கையில் வாங்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 10.8 லட்சம். 62.5 லட்ச வீடு ஏறத்தாழ 5.8 ஆண்டு வருமானம். இந்த எண்ணில் வட்டிக்கு இடமே இல்லை. அதனால்தான் இது பயனுள்ளது. வட்டி குறைந்ததால் தவணை குறைந்து, இந்த எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால், வீடு மலிவாகவில்லை, கடன்தான் பெரிதாகியிருக்கிறது.

இரண்டாவது, தவணைச் சுமை. 7.75 சதவீதத்தில் 41,047 என்பது 90,000-இல் 45.6 சதவீதம். வங்கி இதற்குக் கடன் கொடுக்கக்கூடும். ஆனால் ஃப்ளோட்டிங் கடன் என்பதால், வட்டி 2 சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பாருங்கள்: 9.75 சதவீதத்தில் தவணை 47,426, சம்பளத்தில் பாதிக்கு மேல். 2022–23-இல் ஒரே ஆண்டுக்குள் 2.5 சதவீதம் ஏறியது என்பதால் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. இந்தச் சோதனையில் வீட்டுச்செலவும் பள்ளிக் கட்டணமும் சமாளிக்க முடியாமல் போனால், கடன் தொகை அதிகம்.

மூன்றாவது, கைப்பணம். மேலே உள்ள பழைய வீட்டுக்கு 12.5 லட்சமும் பதிவுச் செலவு 5.6 லட்சமும் சேர்த்து 18 லட்சத்துக்கு மேல். பதிவுச் செலவுக்குப் பொதுவாகக் கடன் கிடைக்காது. கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியானால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, 45 லட்சத்துக்கு உட்பட்ட, பரப்பு வரம்புக்குள் வரும் வீட்டுக்கு 1 சதவீதம், நிறைவுச் சான்றிதழ் பெற்றபின் விற்கும் வீட்டுக்கு இல்லை. பற்றாக்குறையைத் தனிநபர் கடனில் நிரப்புவது மிகப் பெரிய தவறு. அதன் வட்டி வீட்டுக்கடனைவிடப் பல சதவீதம் அதிகம், தவணையும் உடனே தொடங்கிவிடும்.

வரிச்சலுகையை நம்பிக் கணக்குப் போடுபவர்களுக்கு: சொந்தக் குடியிருப்புக்கான கடனில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வட்டிக் கழிவு பழைய வரிமுறையில்தான். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அது கிடைக்காது.

வாடகையையும் ஒப்பிடுங்கள். 62.5 லட்ச வீடு மாதம் 16,000-க்கு வாடகைக்குக் கிடைத்தால், ஆண்டு வாடகை விலையில் 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். கடன் வட்டியோ 7.75. இந்த இடைவெளியை ஈடுகட்ட வீட்டு விலை ஆண்டுதோறும் ஏற வேண்டும். ஏறும் என்ற நம்பிக்கைக்குத்தான் வாங்குபவர் பணம் கொடுக்கிறார். குடியிருக்க நிலையான இடம் வேண்டும் என்பதற்காக வாங்கினால் அது நியாயமான செலவு. லாபத்துக்கு என்றால் இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

## ஏற்கெனவே கடன் இருந்தால்

காலாண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கை தர வேண்டியது கடன் கொடுத்தவரின் கடமை. அதில் இதுவரை கழிந்த அசல், கட்டிய வட்டி, மீதித் தவணைகளின் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். மீதித் தவணை எண்ணிக்கையை முதலில் பாருங்கள். 20 ஆண்டுக் கடனில் மூன்றாண்டு கட்டியபின் அது 204-க்கு மேல் இருந்தால் காலம் நீண்டிருக்கிறது.

வட்டி குறையும்போது தவணையைக் குறைக்கச் சொல்லாமல் பழைய தொகையையே தொடருங்கள், காலம் சுருங்கும். போனஸ், சீட்டுப்பணம் வந்தால் முன்கூட்டியே அசலில் கட்டுங்கள். தனிநபரின் ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனுக்கு இதற்காக அபராதம் வசூலிக்கக் கூடாது. 9 சதவீதத்தில் உள்ள நம் 50 லட்சக் கடனில், முதல் ஆண்டு முடிவில் 2 லட்சம் கட்டி, தவணையை மாற்றாமல் விட்டால், சுமார் 22 மாதத் தவணைகள் மிச்சம். வட்டியில் 8 லட்சம் அளவுக்குக் குறையும். அதே 2 லட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டில் கட்டினால் பலன் இதில் சிறு பங்குதான். கட்டும்போது "காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள்; சொல்லாவிட்டால் தவணையைக் குறைத்துவிடும் கிளைகளும் உண்டு.

புதியவர்களுக்கு உங்களைவிடக் குறைந்த ஸ்ப்ரெட்டில் அதே வங்கி கடன் கொடுப்பது தெரிந்தால், முதலில் அங்கேயே வட்டி மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். ஒரு சிறு கட்டணத்தில் முடிந்துவிடும். மறுத்தால் மட்டும் வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதை யோசியுங்கள். அதற்குச் செயலாக்கக் கட்டணம், சட்டக் கருத்து, மதிப்பீடு, பத்திர ஒப்படைப்பை மறுபடி பதிவுசெய்யும் எம்.ஓ.டி. செலவு எல்லாம் சேரும். வித்தியாசம் அரை சதவீதமாவது இருந்து, மீதிக் காலம் பத்து ஆண்டுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கட்டுப்படியாகும். கடைசி நான்கைந்து ஆண்டில் இருப்பவருக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. வட்டியின் பெரும்பகுதியை அவர் கட்டி முடித்துவிட்டார்.